ஸ்கொயர் அண்ட் காம்பஸ்: பர்பெக் மேட்டின் பழைய கிராமத்து பப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கடலோரத்தில், டோர்செட் மாவட்டத்தில், வொர்த் மாட்ரவர்ஸ் என்னும் சிற்றூரில் 'ஸ்கொயர் அண்ட் காம்பஸ்' என்ற பப் இருக்கிறது. அங்கே போய்வந்ததிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறேன். அந்த பப்பை அதன் நான்கு சுவர்களுக்குள் உட்கார்ந்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. காலடியில் கிடக்கும் கல்லையும், சற்றுத் தள்ளியுள்ள கல்லறைத் தோட்டத்தையும், தெற்கே செங்குத்தாக இறங்கும் கடற்பாறைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கதை முழுமையாகும். ஆகவே பதில்கள் அடிக்கடி வாசலைத் தாண்டி வெளியே செல்லும்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது?

லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் பர்பெக் தீபகற்பம் இருக்கிறது. 'பர்பெக் தீவு' என்று அழைத்தாலும் அது உண்மையில் தீவு அன்று. தெற்கிலும் கிழக்கிலும் கடலும், வடக்கில் பூல் துறைமுகக் கழிமுகமும் ஃப்ரோம் ஆறும் சூழ்ந்திருப்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதன் தென்பகுதி ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். ஸ்வானேஜ் என்ற கடற்கரை ஊரிலிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டர் வந்தால், அந்த மேட்டின் மீது வொர்த் மாட்ரவர்ஸ் தென்படும். ஒரு வாத்துக் குளம், ஒரு பழைய தேவாலயம், சாம்பல் நிறக் கல் வீடுகள், அவற்றின் மேல் ஓட்டுக்குப் பதிலாகக் கனத்த கற்பலகைகள் வேய்ந்த கூரைகள் ஆகியவையே ஊர். பப் ஊருக்குள் நுழையும் இடத்தில், சற்று உயரத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

'பப்' என்றால் மதுக்கடைதானே? அதற்கு இவ்வளவு வரலாறு எதற்கு?

'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொதுவீடு, என்பதன் சுருக்கமே பப். மது விற்க உரிமம் பெற்ற இடம் என்பது அதன் சட்டப் பொருள். ஆனால் இங்கிலாந்துக் கிராமங்களில் அது நீண்டகாலமாக ஊர்ச் சாவடியின் வேலையையும் செய்துவந்திருக்கிறது. வேலைக்கு ஆள் பேசுவது, கூலிக் கணக்கு முடிப்பது, கப்பல் உடைந்த செய்தியைக் கேட்பது, இறுதிச் சடங்கு முடிந்து கூடுவது எல்லாம் அங்கேதான் நடந்தன. ஊரின் எழுதப்படாத ஆவணக் காப்பகம் அது என்று சொன்னால் மிகையாகாது.

பெயரின் பொருள் என்ன? ஃப்ரீமேசன் அமைப்போடு தொடர்பு உண்டா?

'ஸ்கொயர்' என்பது நம் கொத்தனார்கள் மூலைமட்டம் என்று சொல்லும் கருவி. 'காம்பஸ்' என்பது கவராயம். ஆகவே 'மூலைமட்டமும் கவராயமும்' என்பதுதான் பப்பின் பெயர். கல்தச்சராக வேலை பார்த்திருந்த ஒருவர் 1830இல் இதை நடத்தியபோது இந்தப் பெயரை வைத்தார். ஃப்ரீமேசன்கள் என்னும் சகோதரத்துவ அமைப்பினரின் சின்னத்திலும் இதே இரண்டு கருவிகள் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். அந்த அமைப்பும் கல்தச்சர் மரபிலிருந்தே சின்னத்தை எடுத்துக்கொண்டது என்பதால் வேர் ஒன்றுதான். ஆனால் இந்தப் பெயர்ப்பலகை ஊரார் கையில் அன்றாடம் புழங்கிய கருவிகளையே குறித்தது.

கட்டடம் எவ்வளவு பழையது? இப்போது யார் நடத்துகிறார்கள்?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒட்டிக் கட்டப்பட்ட இரண்டு குடியிருப்பு வீடுகளாக இது தொடங்கி, பிறகு பப்பாக மாறியது. அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இடம்பெற்றிருக்கிறது. 1907 முதல் ஒரே குடும்பம், நியூமன் குடும்பம், தலைமுறை தலைமுறையாக இதை நடத்திவருகிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான பப்கள் மதுவடி நிறுவனங்களுக்கோ சங்கிலி நிறுவனங்களுக்கோ கைமாறிவிட்ட காலத்தில், நூறாண்டுக்கு மேல் ஒரே வீட்டார் கையில் இருப்பது அரிது. பாரம்பரிய முறையில் தயாரிக்கப்படும் ஏல் வகை பியரைக் காப்பதற்காக 1971இல் தொடங்கப்பட்ட 'காம்ரா' அமைப்பு 1974 முதல் நல்ல பப்களின் கையேடு ஒன்றை வெளியிட்டுவருகிறது. அதன் எல்லாப் பதிப்புகளிலும் இடம்பெற்ற பப்கள் நாடு முழுவதிலும் ஐந்தே ஐந்து. அவற்றுள் இதுவும் ஒன்று.

உள்ளே போனால் என்ன பார்க்கலாம்?

முதலில் ஒன்றைப் பார்க்க முடியாது: நீண்ட மேசையும் பளபளக்கும் கண்ணாடி அலமாரிகளும் கொண்ட 'பார்' இங்கே இல்லை. கதவைத் திறந்ததும் கற்பலகை பதித்த குறுகலான நடை. அதன் கோடியில் சுவரில் வெட்டிய ஒரு சன்னல் அளவுத் திறப்பு. அதன் வழியாகத்தான் எல்லாம் கிடைக்கும். திறப்புக்கு அப்பால் பீப்பாய்கள் அடுக்கியிருக்கின்றன. பீப்பாயின் குழாயைத் திருகி நேராகக் கோப்பையில் பிடித்துத் தருகிறார்கள். ஆப்பிளிலிருந்து சொந்தமாகவே வடித்த சைடரும் உண்டு. சாப்பாடு என்றால் பேஸ்டி மட்டுமே: இறைச்சியோ காய்கறியோ உள்ளே வைத்து மூடிச் சுட்ட, சோமாசியைப் பெரிதாக்கினாற்போன்ற பண்டம். வயலில் வேலை செய்பவர்களும் சுரங்கத்தில் இறங்குபவர்களும் கையில் பிடித்தபடியே சாப்பிட ஏற்றது என்பதால் இங்கிலாந்தின் தென்மேற்கில் இது பரவலான உணவு.

நான் முதல் முறை போனபோது அந்தத் திறப்பின் முன் வரிசையில் நின்றிருந்தேன். நடை அவ்வளவு குறுகல் என்பதால், கோப்பையோடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டியிருந்தது. அப்படி வழிவிடும்போது முன்பின் தெரியாதவர்கள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அகலமான பார் ஒன்றைக் கட்டினால் விற்பனை கூடும் என்பது நடத்துபவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. கட்டாமல் விட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வெளியே தோட்டத்தில் மேசைகளும் இருக்கைகளும் பெரும்பாலும் கல்தான். நல்ல வெயில் நாளில் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். கோழிகள் காலடியில் மேய்ந்துகொண்டிருக்கும்.

இந்தப் பகுதியின் கல்லுக்கு ஏன் அவ்வளவு பெயர்?

இந்த மேட்டில் மனிதர் பயன்படுத்திய கல் வகைகள் பல. அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது 'பர்பெக் மார்பிள்'. பெயரில் மார்பிள் இருந்தாலும் அது சலவைக்கல் அன்று. நன்னீர் நத்தைகளின் ஓடுகள் நெருக்கமாகப் பதிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். நன்றாகத் தேய்த்து மெருகேற்றினால் கரும்பச்சையும் சாம்பலும் கலந்த பளபளப்பு வரும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு நத்தை ஓட்டின் சுருளும் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சாலிஸ்பரி பேராலயத்தின் மெல்லிய கருந்தூண்கள் இந்தக் கல்லால் ஆனவை.

மேட்டின் மேல்தளத்தில் கல் எடுத்தவர்கள் சரிவான சுரங்கம் தோண்டி, முதுகு நிமிர முடியாத உயரத்தில் குனிந்து வேலை செய்து, வெட்டிய பாளத்தைச் சிறு வண்டியில் ஏற்றினார்கள். மேலே ஒரு மரத்தண்டில் பூட்டிய குதிரையோ கழுதையோ செக்கு மாடுபோல் சுற்றிவர, சங்கிலி சுருண்டு வண்டியை வெளியே இழுத்தது. கடலோரத்தில் முறை வேறு. வின்ஸ்பிட், சீகோம், டான்சிங் லெட்ஜ் ஆகிய இடங்களில் பாறை முகத்தையே பக்கவாட்டில் குடைந்து, கூரை விழாமல் இருக்கத் தூண்களை மட்டும் விட்டுவிட்டுக் கல்லை எடுத்தார்கள். அங்கே சாலை இல்லை. கல் முழுவதும் மரத்தூக்கிகளால் படகில் இறக்கப்பட்டு, கப்பலுக்குப் போயிற்று. அமைதியான கடல் இருந்தால்தான் வேலை. அலை எழும்பினால் கூலி இல்லை.

ஸ்வானேஜில் பிறந்து, சிறுவயதில் குவாரியில் வேலை செய்து, பின்னர் லண்டனின் பெரும் கட்டுமான ஒப்பந்தக்காரராக உயர்ந்த ஜான் மோலெமின் கதையும் இங்கே நினைவுகூரத் தக்கது. பர்பெக் கல்லை லண்டனுக்கு ஏற்றிச் சென்ற கப்பல்கள் வெறுமனே திரும்பினால் கவிழும் என்பதால், லண்டனில் இடித்த பழைய கட்டடங்களின் துண்டுகளைப் பாரமாக ஏற்றி வந்தன. அதனால்தான் ஸ்வானேஜ் நகரசபைக் கட்டடத்தின் முகப்பு, லண்டனின் மெர்சர்ஸ் ஹாலுக்கு ஒருகாலத்தில் முகப்பாக இருந்த அதே கல்.

கல்தச்சர்களுக்குத் தனிச் சங்கம் இருந்ததாமே?

இருந்தது மட்டுமன்று, இன்றும் இருக்கிறது. பர்பெக் மார்பிளர்கள் மற்றும் கல்தச்சர்களின் தொன்மைச் சங்கம் என்பது அதன் பெயர். அதன் விதிகளில் எஞ்சியிருப்பவை 1551 வரை பின்னோக்கிச் செல்கின்றன. ஆண்டுதோறும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அருகிலுள்ள கார்ஃப் காசில் ஊரின் மிகச் சிறிய மன்றத்தில் அது கூடுகிறது. தொழில் பழகி முடித்தவர் சங்கத்தில் சேர வேண்டுமானால், ஒரு கையில் ஒரு பென்னி ரொட்டியும் மறு கையில் ஒரு குவளை பியருமாக வந்து, 6 ஷில்லிங் 8 பென்ஸ் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். கூட்டம் முடிந்ததும், பூல் துறைமுகக் கரையிலிருக்கும் 'அவர்' (Ower) என்னும் பெயருள்ள துறைக்குக் கல்லைக் கொண்டுசெல்லும் வழியுரிமைக்கு ஈடாக, ஒரு பவுண்டு மிளகு கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கமும், வழியில் காற்பந்து உதைத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. குவளையைத் தளும்பாமல் கொண்டுசேர்ப்பது சடங்கு மட்டுமா, கை நடுங்காத ஆள்தானா என்ற சோதனையும்கூடவா என்று நான் யோசித்ததுண்டு.

ஊரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் படிப்படியாகத் தெரிவது என்ன?

ஊரிலிருந்து வின்ஸ்பிட் நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கின் இருபுறமும் ஈஸ்ட் மேன், வெஸ்ட் மேன் என்று இரண்டு குன்றுகள். அவற்றின் சரிவுகளில் அகன்ற படிக்கட்டுகள் போன்ற மேடைகள் வரிசையாகத் தெரியும். இடைக்கால உழவர்கள் சரிவிலும் பயிர் செய்வதற்காக உருவாக்கிய நிலத்தட்டுகள் அவை. இன்று அங்கே ஆடுமாடுகள்தான் மேய்கின்றன. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது நிழல்கள் நீண்டு, உழுத கை இன்னும் அங்கேயே இருப்பதுபோல் தோன்றும்; நண்பகலில் பார்ப்பவர்களுக்கு அது வெறும் புல்மேடுதான்.

சென்னைக்குப் புறப்பட்ட கப்பல் ஒன்று இங்கே உடைந்தது என்பது உண்மையா?

உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய 'ஹால்ஸ்வெல்' என்ற கப்பல், கேப்டன் ரிச்சர்டு பியர்ஸ் தலைமையில், 1786ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் சென்னப்பட்டணம் நோக்கி லண்டனிலிருந்து கிளம்பியது. மாலுமிகள், கம்பெனிப் படைக்குச் சேர்க்கப்பட்ட வீரர்கள், பயணிகள் என்று 240 பேருக்கு மேல் இருந்தனர். கேப்டனின் இரண்டு மகள்களும் உறவுப் பெண்களும் அவர்களுள் அடக்கம். ஆங்கிலக் கால்வாயைக் கடப்பதற்குள்ளேயே பனியும் புயலும் பிடித்துக்கொண்டன. பாய்மரங்களை வெட்டி வீழ்த்தியும் கப்பல் நிலைகொள்ளவில்லை. சனவரி 6ஆம் தேதி விடியற்காலைக்கு முந்தின இருட்டில், சீகோமுக்கும் வின்ஸ்பிட்டுக்கும் இடைப்பட்ட பாறையில் மோதி உடைந்தது.

அந்தப் பாறை செங்குத்தானது; அடியில் ஒரு குகைபோன்ற குடைவு இருக்கிறது. கப்பலிலிருந்து தாவிய பலர் அந்தக் குடைவிலும் அதன் விளிம்புகளிலும் தொற்றிக்கொண்டு நின்றனர். குளிரில் கை மரத்து ஒவ்வொருவராக விழுந்தார்கள். கேப்டன் மகள்களை விட்டு நகர மறுத்துக் கப்பலிலேயே இருந்துவிட்டார். விடிந்த பிறகு இரண்டு பேர் எப்படியோ மேலே ஏறி, அருகிலிருந்த வீட்டை அடைந்து சொன்னபோதுதான், பாறைக்குக் கீழே மனிதர்கள் இருப்பதே ஊருக்குத் தெரிந்தது. குவாரித் தொழிலாளர்கள் தங்கள் கயிறுகளோடு ஓடிவந்தார்கள். அன்றாடம் கல்லை இறக்கிய கைகள் அன்று ஆட்களை ஏற்றின. பாறையின் விளிம்பு முன்னோக்கித் துருத்திக்கொண்டிருந்ததால், கீழே நிற்பவர்களை மேலிருப்பவர்கள் பார்க்கவே முடியாது. கயிற்றைக் கண்மூடித்தனமாக இறக்கி, காற்றில் அது ஆடிப்போய் யார் கைக்காவது எட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிழைத்தவர்கள் 74 பேர்.

சீகோமிலிருந்து அந்தப் பாறையின் மேல் நின்று பார்த்திருக்கிறேன். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் கல் இறக்கிய இடங்களில் பாறையின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருப்பதைத் தொட்டுப் பார்க்கலாம். கயிறு பிடிக்கத் தெரிந்த ஆட்கள் அருகில் இருந்திராவிட்டால், அந்த 74 பேரில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

தேவாலயத் தோட்டத்தில் புதைக்கப்பட்ட விவசாயி யார்?

ஊரின் புனித நிக்கோலஸ் தேவாலயம் நார்மன் காலத்தில், ஏறத்தாழ 1100ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. அதன் தோட்டத்தில் பெஞ்சமின் ஜெஸ்டி என்பவரின் கல்லறை இருக்கிறது. அருகிலேயே அவர் மனைவி எலிசபெத்தின் கல்லறை. ஒரு விவசாயியின் கல்லறையைத் தேடி மருத்துவர்களும் மாணவர்களும் இன்றுவரை வருவதற்குக் காரணம் உண்டு.

ஜெஸ்டி அப்போது இதே மாவட்டத்தில் யெட்மின்ஸ்டர் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தார். பால் கறப்பவர்களுக்குப் பசு அம்மை கையில் வந்துபோனால் பெரியம்மை தாக்காது என்பது அந்த வட்டாரத்தில் வழிவழியாகப் பேசப்பட்ட செய்தி. ஜெஸ்டிக்கு இளமையிலேயே பசு அம்மை வந்து போயிருந்தது. அவர் பண்ணையில் வேலை பார்த்த இரண்டு பெண்கள், பசு அம்மை வந்து தேறியவர்கள், பெரியம்மை கண்ட உறவினரைப் பக்கத்திலிருந்து பராமரித்தும் நோய் தொற்றாமல் இருந்ததை அவர் கண்ணால் கண்டிருந்தார். 1774இல் ஊரில் பெரியம்மை பரவியபோது, மனைவியையும் மூன்றும் இரண்டும் வயதான இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு, பசு அம்மை கண்ட மாடுகள் இருந்த பக்கத்து ஊர்ப் பண்ணைக்குப் போனார். காலுறை பின்னும் ஊசியால் பசுவின் மடிக்கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, மூவர் கையிலும் கீறி வைத்தார். பிள்ளைகள் விரைவில் தேறிவிட்டார்கள். மனைவியின் கை வீங்கிக் காய்ச்சல் கடுமையாகி, சில நாட்கள் உயிருக்கே ஆபத்தாக இருந்தது. பின்பு அவரும் பிழைத்தார். மிருகத்தின் நோயை மனிதருக்கு ஏற்றியவன் என்று அக்கம்பக்கத்தார் தூற்றினார்கள். சந்தைக்குப் போனால் கூச்சலிட்டுக் கல்லெறிந்தார்கள்.

எட்வர்டு ஜென்னர் அம்மை குத்தும் முறையைச் செய்து பார்த்தது 1796இல், ஜெஸ்டிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின். ஜென்னர் அதைச் சோதித்து, பதிவுசெய்து, 1798இல் நூலாக வெளியிட்டு உலகுக்குக் கொடுத்தார். அந்தப் பெருமை அவருக்கே உரியது. ஆனால் படிப்பும் பட்டமும் இல்லாத ஒருவர், கண்ணால் கண்டதை நம்பி, தன் குடும்பத்தின் மீதே துணிந்தது வேறு வகைப் பெருமை. பாராளுமன்றம் ஜென்னருக்கு 1802இல் 10,000 பவுண்டும் 1807இல் மேலும் 20,000 பவுண்டும் வழங்கியது. ஜெஸ்டி 1797இல் வொர்த் மாட்ரவர்ஸுக்கு அருகிலுள்ள டவுன்ஷே பண்ணைக்கு இடம்பெயர்ந்து அமைதியாக விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி வெளியுலகுக்குச் சொன்னவர் யார்?

நம் சென்னையோடு இந்தக் கதை இரண்டாம் முறை இணையும் இடம் இதுதான். 1801இல் ஸ்வானேஜ் திருச்சபைக்குப் பொறுப்பேற்று வந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், அதற்கு முன் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் 1796 வரை நடத்தியவர். ஆசிரியர் போதாத நிலையில், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை, நம்மவர் சட்டாம்பிள்ளை முறை என்று அறிந்திருந்ததை, முறைப்படுத்தினார். 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுவதும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

அந்தப் பெல்தான் ஸ்வானேஜில் ஊர் ஊராக அம்மை குத்துவதை ஊக்குவித்தபோது ஜெஸ்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, லண்டனுக்கு எழுதினார். அதன் பயனாக 1805இல் லண்டனின் அம்மைப்பால் நிறுவனம் ஒன்று ஜெஸ்டியை அழைத்துப் பாராட்டி, தங்கம் பதித்த அறுவைக் கத்திகளைப் பரிசளித்து, மைக்கேல் ஷார்ப் என்ற ஓவியரைக் கொண்டு அவர் உருவத்தை வரையவைத்தது. புறப்படும்போது வீட்டார் புதுப்பாணி உடை உடுத்தச் சொன்னார்களாம். ஊரில் உடுத்துவதைவிட லண்டனில் நன்றாக உடுத்த வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டு, தம் பழைய நாட்டுப்புற உடையிலேயே போனார். ஓவியத்திலும் அதே உடைதான். அசையாமல் உட்காரப் பொறுமையில்லாத அவரை அமைதிப்படுத்த, ஓவியரின் மனைவி பியானோ வாசிக்க வேண்டியிருந்தது என்றும் பதிவு இருக்கிறது.

1816 ஏப்ரல் 16இல் ஜெஸ்டி காலமானார். 1774இல் பசு அம்மையைத் தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் ஏற்றியதையும், அதற்கு வேண்டியிருந்த மனவலிமையையும் கல்லறைக் கல் எடுத்துச் சொல்கிறது. எழுத்துகள் ஆழமாகவும் ஒழுங்காகவும் வெட்டப்பட்டிருக்கின்றன. குனிந்து, விரலால் '1774' என்ற எண்ணைத் தொட்டுப் படித்தேன். எழும்பூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டு எழுதியிராவிட்டால், இந்த மனிதரின் பெயர் இந்தக் கல்லோடு நின்றுபோயிருக்கக்கூடும்.

இரண்டாம் உலகப் போரில் இங்கே ரேடார் ஆய்வு நடந்ததா?

நடந்தது. 1940 மே முதல் 1942 மே வரை பிரிட்டனின் ரேடார் ஆய்வின் தலைமையிடம் வொர்த் மாட்ரவர்ஸ் வயல்களில் கொட்டகை போட்டு இயங்கியது. விரைவிலேயே அதற்குத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம் என்று, காதில் விழுந்தால் உண்மை புலப்படாத ஒரு பெயரைச் சூட்டினார்கள். பின்னாளில் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கியை அமைத்த பெர்னார்டு லவல், நோபல் பரிசு பெற்ற ஆலன் ஹாட்ஜ்கின் ஆகியோர் இங்கே வேலை செய்தவர்கள். 1940 ஆகஸ்ட் 12இல், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கிய புதிய கருவி பறக்கும் விமானம் ஒன்றின் எதிரொலியைப் பிடித்தது. அடுத்த நாள், தகரத் தகடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பாறை விளிம்போரமாக சைக்கிளில் போக, அதையும் கருவி காட்டியது. தரையில் ஊர்வதையும் பார்க்க முடியும் என்பதே அதன் பொருள். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பிரான்சின் ப்ரூனவால் கரையில் இறங்கி ஜெர்மன் ரேடாரைக் கைப்பற்றிய பின், அதேபோன்ற பதிலடி இந்தத் திறந்த கடலோரத்துக்கும் வரலாம் என்று அஞ்சி, நிறுவனத்தை உள்நாட்டில் மால்வர்னுக்கு மாற்றினார்கள். செயின்ட் ஆல்டெல்ம் முனையில் அதற்கொரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

பப்பில் அருங்காட்சியகம் இருக்கிறது என்கிறார்களே?

நடத்தும் குடும்பத்தார் சேகரித்த தொல்லுயிர் எச்சங்களும், ஊரில் கிடைத்த பழம்பொருள்களும் ஒரு சிறு அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. சுருள்சுருளான அம்மோனைட்டுகள், எலும்புத் துண்டுகள், பழைய கருவிகள். இந்தக் கடலோரம் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 'ஜுராசிக் கோஸ்ட்' பகுதியின் கிழக்குப் பாகம். ஊருக்கும் லாங்டன் மாட்ரவர்ஸுக்கும் இடையில், கீட்ஸ் குவாரி என்னும் இடத்தில் 1997இல் கல் எடுக்கும்போது டைனோசர்களின் காலடித் தடங்கள் நூற்றுக்கு மேல் வெளிப்பட்டன. ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன், நீண்ட கழுத்துள்ள பெரும் விலங்குகள் சேற்றில் நடந்துபோன குழிகள். அண்டாவைப் பதித்து எடுத்தாற்போன்ற அந்தக் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும்போது பார்ப்பது நல்லது. வடிவம் தெளிவாகத் தெரியும்.

குழந்தைகளையும் மது அருந்தாதவர்களையும் அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. 18 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்க மாட்டார்கள். மற்றபடி குழந்தைகள் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். மது வேண்டாதவர்களுக்குப் பிற பானங்கள் உண்டு, யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஊர் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியான பதில் மட்டும் சொல்ல முடியவில்லை. கடலோரக் குவாரிகள் எப்போதோ மூடிவிட்டன. மேட்டில் சில குடும்பங்கள் இன்றும் கல் எடுக்கின்றன. வீடுகளில் கணிசமானவை வெளியூர்ச் செல்வர்களின் விடுமுறை வீடுகளாகிவிட்டன; குளிர்காலத்து வார நாளில் நடந்தால் விளக்கெரியாத சன்னல்கள் பல. விலை ஏறியதால், இங்கே பிறந்த பிள்ளைகள் இங்கேயே வீடு வாங்குவது அரிதாகிவிட்டது. அந்த நிலையில் ஆண்டு முழுவதும் கதவு திறந்து, கணப்பு மூட்டி, ஊரார் உட்கார ஓர் இடம் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது குளிர்காலத்தில் போனால் விளங்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க எந்த வழியில் நடப்பது?

காலையில் தேவாலயத் தோட்டத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து தென்மேற்கே முக்கால் மணி நேரம் நடந்தால் செயின்ட் ஆல்டெல்ம் முனை. கடலுக்கு நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சதுரமான சிறு கோயில் ஒன்று தனியே நிற்கிறது. உள்ளே நடுவில் ஒரே ஒரு பருத்த தூண், ஒரே ஒரு சிறிய சன்னல். கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அங்கிருந்து கடலோரப் பாதையில் கிழக்கே திரும்பினால் வின்ஸ்பிட்டும் அடுத்துச் சீகோமும் வரும். பாதை செங்குத்தாக இறங்கி ஏறும். மழைக்குப் பின் களிமண் வழுக்கும், ஆகவே பிடிமானமுள்ள காலணி கட்டாயம். குவாரிக் குடைவுகளின் கூரையிலிருந்து கல் விழுவதுண்டு என்பதால் உள்ளே நுழைய வேண்டாம். பாறை விளிம்பில் நின்று படம் எடுக்கவும் வேண்டாம். சீகோமிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக, சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்களை ஒட்டி மேலே ஏறினால், முதலில் கற்கூரைகளும் பிறகு மூலைமட்டமும் கவராயமும் வரைந்த பலகையும் தெரியும். இடையில் நின்று நிதானமாகப் பார்த்து வர நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலணிச் சேற்றை வாசல் கல்லில் தட்டிவிட்டு நடைக்குள் நுழைந்து, சுவரோடு ஒட்டி வரிசையில் நில்லுங்கள். முன்னால் நிற்பவர் திரும்பும்போது வழிவிட வேண்டியிருக்கும்.